தரைப்பூ தைத்தவள்

போடியில் ஏலக்காய்க் கிட்டங்கிகளில் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் கொட்டிய காயைப் பெரிசு, சிறிசு, வெடித்தது, வெளிறியது என்று கையாலேயே பிரித்துப் போடுவார்கள். அப்படி ஒரு கிட்டங்கியில் அத்தனை பெண்களையும் கட்டி மேய்க்கிற பொறுப்பு சுப்புத்தாய்க்கு. வயது எழுபதை நெருங்குகிறது. முட்டி கிழடாகிவிட்டது, கண் கிழடாகிவிட்டது, வாய் மட்டும் இன்னும் குமரியாகவே இருக்கிறது. முதலாளி விஜயபாண்டியே வாசலில் ஒரு தரம் கனைத்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். சொல்லாமல் வந்தால் யாரை வைதுகொண்டிருக்கிறாளோ, அதில் பாதி தன் மேல் தெறித்துவிடும் என்கிற பயம் அவருக்கு.

இப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு சோலி மட்டும் ஆகாது. ஊசி நூல். ரவிக்கையில் கொக்கி பிய்ந்தால்கூட ஊக்கைக் குத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். வீட்டில் கிழிந்தது, அறுந்தது எல்லாம் அவள் கணவர் கன்னையன் பாடு. காலமெல்லாம் மலை ரோட்டில் ஜீப்பு ஓட்டிக் காய்த்துப்போன கை அவருக்கு. அந்தக் கையால் அவர் மகன் அருண்பாண்டியின் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் தைப்பதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது.

“ஏத்தா, ஒரு பொம்பளைக்கு ஊசி கோக்கவா தெரியாது?” என்று கல்யாணமான புதிதில் அவர் கேட்டார்.

“தெரியாதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது? தொட மாட்டேன். அம்புட்டுத்தேன்.”

“ஏன்?”

அந்த ஏனுக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு கிடைக்கவில்லை. அதோடு அவர் கேட்பதை விட்டுவிட்டு, கடைக்குப் போய் ஊசி வாங்கி வந்துவிட்டார். கன்னையன் நல்ல மனுஷன்.

அந்த ஏனுக்குப் பதில் போன ஆனியில்தான் வெளியே வந்தது. அதுவும் மருமகள் சிவரஞ்சனியின் கைப்பேசி வழியாக வந்தது.

“அத்தை, நீங்க சின்னதுல தங்கிப் படிச்சது மலையடிக் கான்வெண்டுதான? குரங்கணி ரோட்டுல இருக்கே? அங்க நாளைக்கு ஏதோ கண்காட்சியாம். பழைய காலத்துல போர்டிங் பிள்ளைக தச்ச துணியெல்லாம் வைக்கிறாகளாம். கிட்டங்கிப் பொம்பளைக குரூப்புல போட்டிருக்காக. எல்லாரும் வேன் பிடிச்சுப் போறதாப் பேச்சு.”

சுப்புத்தாய் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். “போறவ போகட்டும்” என்று சொல்லிக்கொண்டே ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தாள். பிறகு கைப்பேசியைப் பிடுங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். அழைப்பிதழின் நடுவில் ஒரு துணியின் படம். பழுப்பேறிய வெள்ளைத் துணி. அதில் நெடுநெடுவென்று நிமிர்ந்து நிற்கிற பச்சை இலைகள். பூ இலைக்கு மேலே இல்லை. செடியின் அடியிலிருந்து கொடி மாதிரி ஒரு சரம் கிளம்பித் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அந்தச் சரம் முழுக்க வெள்ளைப் பூ, ஒவ்வொரு பூவின் நாக்கிலும் மெல்லிய ஊதாக் கோடு.

கடுகு கருகிப்போனதைச் சிவரஞ்சனிதான் மோந்து கண்டுபிடித்தாள்.

சுப்புத்தாய்க்கு அந்தத் துணியை நன்றாகத் தெரியும். அதைத் தைத்தவளே அவள்தான்.

சுப்புத்தாயின் அப்பா அம்மாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவளை, பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லையென்று அடிவாரத்துக் கான்வென்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அங்கே காலையில் படிப்பு, மத்தியானம் தையல். தையலுக்குப் பொறுப்பு கொலேத் மதர். பிரான்சிலிருந்து வந்தவர். தமிழை மூக்கால் பேசுவார், கோபம் வந்தால் அதுவும் மறந்துபோகும். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து பிள்ளைகள் கோயில் பீடத்துக்கு விரிப்பும், சாமியாருக்கு அங்கி ஓரமும் தைப்பார்கள். சுப்புத்தாய்க்கு அதில் கை தானாக ஓடியது. அந்தப் பெஞ்சிலேயே அவள் கைதான் சுத்தமான கை என்று பேர்.

ஆயர் வருகிறார் என்று ஒரு தரம் புது பீட விரிப்பு தைக்கச் சொன்னார்கள். லீலிப்பூ போட வேண்டும். மதர் ஒரு படத்தைக் கொடுத்தார். படத்தில் பூ மட்டும்தான் இருந்தது, செடி இல்லை. “இலை நீளமாக, நேராக. பூ வெள்ளை. மற்றதை நீ போடு” என்று சொல்லிவிட்டு ஆயர் வருகிற ஏற்பாட்டைக் கவனிக்கப் போய்விட்டார்.

லீலிச் செடியைச் சுப்புத்தாய் எங்கே கண்டாள்? அவளுக்குத் தெரிந்த செடி ஒன்றுதான். இலை நீளமாக நேராக நிற்கும், பூ வெள்ளையாக இருக்கும். பூ எங்கே பூக்கும் என்று மலைப் பிள்ளையிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும், வேரடியில் தரையில் படுத்துப் பூக்கும் என்று. குனிந்து குனிந்து அம்மாவின் இடுப்பு போனதே அந்தச் செடியில் ஏலக்காய் பறித்துத்தானே. பூ என்றால் தரையில்தான் என்று நினைத்துத் தைத்தாள். மனசைக் கொட்டித் தைத்தாள். படத்தில் இல்லாத ஊதாக் கோட்டையும் சேர்த்துப் போட்டாள். கோடு இல்லாவிட்டால் பூ குருடாக இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

ஆயர் வருவதற்கு முந்தின நாள் மதர் அதை விரித்துப் பார்த்தார். முகம் சிவந்தது.

“மாதாவின் பூ சேற்றில் உருளுமா? எங்கேயாவது லீலி தரையில் பூக்குமா?” என்று துணியைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

பெஞ்சு மொத்தமும் சிரித்தது. மலையிலிருந்து வந்த மற்றப் பிள்ளைகளும்கூடச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததுதான் சுப்புத்தாய்க்குத் தாங்கவில்லை. தைத்ததெல்லாம் பிரி என்று சொல்லிவிட்டு மதர் போய்விட்டார். அவள் பிரிக்கவில்லை. மறுநாள் தோட்டத்துக்கு அரிசி பருப்பு ஏற்ற ஜீப்பில் அப்பா வந்திருந்தார். ஆயருக்குப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது இவள் மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துவிட்டாள். படிப்பு ஏறவில்லை என்றாள். காய் எடுப்புக்கு ஆள் கிடைக்காத நேரம், அப்பாவும் துருவித் துருவிக் கேட்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கணக்கில் முதலாவதாக வந்தவள், வெறும் ஒரு சிரிப்புக்குப் பயந்து படிப்பை விட்டாள். நினைத்தால் நமக்கே வயிறு எரிகிறது, அவளுக்கு எரியாமல் இருக்குமா?

இப்போது அந்தத் துணியை அழைப்பிதழின் நடுவிலேயே போட்டிருக்கிறார்கள். ‘பார்த்தீர்களா, அந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படிக் கோமாளித்தனமாகத் தைத்திருக்கிறார்கள்’ என்று ஊரைக் கூட்டிச் சிரிக்கத்தான் போட்டிருப்பார்கள் என்று சுப்புத்தாய் முடிவு கட்டினாள். போதாததற்கு, அவளுக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டிருக்கிற கிட்டங்கிப் பெண்கள் அத்தனை பேரும் வேன் பிடித்து வரப்போகிறார்கள். அவர்கள் முன்னால் யாராவது ஒரு பழைய ஆள் ‘இது நம்ம சுப்புத்தாய் தைச்சதாச்சே’ என்று சொல்லிவிட்டால்? அப்புறம் எந்த முகத்தோடு போய் ஒருத்தியை வைவது?

ராத்திரி முழுக்கப் புரண்டாள். விடிந்ததும் கன்னையனை எழுப்பினாள்.

“ஜீப்ப எடுங்க. குரங்கணி ரோட்டுக்குப் போகணும். வெரசா.”

“என்ன சோலி?”

“ஒரு துணியக் களவாங்கணும்.”

கன்னையன் பல் விளக்கிக்கொண்டிருந்தார். நுரையைத் துப்பிவிட்டு, “பெரிய துணியா, சின்னத் துணியா?” என்று கேட்டார். பெரிய பையாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதுதான் அவர் கவலை.

வழியில் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்ல ஆரம்பிக்கும்போது கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பெஞ்சு சிரித்த இடம் வந்ததும் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தென்னந்தோப்பெல்லாம் தாண்டி, மாந்தோப்பு வந்த பிறகுதான் கன்னையன் வாயைத் திறந்தார்.

“அப்ப ஒனக்கு நெசமாவே தைக்கத் தெரியும்.”

“தெரியும்.”

“பெஞ்சுலயே சுத்தமான கையி.”

“ஆமாங்கிறேன்.”

“இது தெரியாம நான் வீட்டுல இருக்க அத்தன பட்டனையும் தச்சிருக்கேன்” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “சரி விடு. துணிய எடுத்துருவோம்” என்றார்.

கான்வென்ட் வாசலில் பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தது. திறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டால், கூட்டிப் பெருக்க வந்தவள் மாதிரி உள்ளே நுழைந்து, துணியைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்பது அவள் திட்டம். கன்னையன் வண்டியை ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டு, என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டியது. பழைய ஜீப்பு. ஒருதரம் அணைத்தால் தள்ளிவிட நாலு ஆள் வேண்டும், களவாங்கப் போன இடத்தில் நாலு ஆளுக்கு எங்கே போவது?

தையல் கூடத்தில்தான் கண்காட்சி. ஒரு சிஸ்டர் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். இளம் வயது, தேவாரம் என்கிற ஊர்ப் பக்கத்துப் பெண், பேர் சிஸ்டர் அமலி. “வாங்கம்மா, உள்ள போய்ப் பாருங்க. ஏற்கெனவே நாலஞ்சு பேரு வந்துட்டாங்க” என்றார். கூட்டிப் பெருக்கிற வேஷத்துக்கு அவசியமே இல்லாமல் போனது.

உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் வெள்ளைக்காரன் காலத்துத் துணிகள். சிலுவைத் தையலில் ஆங்கில எழுத்து வரிசை, கழுத்தில் மணி கட்டிய ஆட்டுக்குட்டி, கோதுமைக் கதிர், திராட்சைக் குலை, கொக்கியூசியால் பின்னிய ஓரங்கள். எல்லாம் செல்லரித்தும் அரிக்காமலும் இருந்தன. சுப்புத்தாய் அதையெல்லாம் பார்க்கவில்லை. தன் துணி எங்கே என்று கண்ணை ஓட்டினாள்.

அதோ இருந்தது, ஜன்னல் பக்கத்தில். தரையில் கிடக்கிற சரம், வெள்ளைப் பூ. பையின் வாயைத் திறந்துகொண்டு கிட்டே போனாள். அது அவள் துணி இல்லை, தலையணை உறை. அதற்குப் பக்கத்தில் ஒரு மேசை விரிப்பு, அதிலும் அதே பூ. அதற்குப் பக்கத்தில் கைக்குட்டை, அதன் மூலையில் சின்னதாக அதே பூ. திரைச்சீலை, ஞானஸ்நானக் குழந்தைச் சட்டை, ஆயரின் அங்கி ஓரம். இடது பக்கச் சுவர் முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், இலை நிமிர்ந்து நிற்க, பூ தரையில் படுத்துக் கிடந்தது. ஒரு துணியைக் களவாங்க வந்தவள் ஒரு சுவர் நிறையத் துணிக்கு முன்னால் வெறும் பையோடு நின்றாள்.

அவளுடைய துணி நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

பெட்டிக்கு முன்னால் நாலைந்து பெண்கள் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வெவ்வேறு காலத்தில் அங்கே தங்கிப் படித்தவர்கள். அதில் நடு வயதைத் தாண்டிய, கனத்த உடம்புக்காரி ஒருத்தி சுவரில் விரல் வைத்துக் காட்டினாள். பொன்னுமணி என்று பேர், தேவாரத்தில் தையல் கடை வைத்திருக்கிறவள்.

“இந்தா, இது நான் தச்சது. இந்த மூலையில முடிச்சு விழுந்திருக்கு பாரு. அதுக்கு நாள் பூரா முட்டி போட்டேன்.”

“ஒங்களுக்கு மூலைதான்க்கா. எனக்கு முழுத் துணிக்கும் முட்டி” என்றாள் கற்பகம் என்கிற இளையவள். “சரத்தத் தரையில படுக்க வைக்கணுமாம், ஆனா செத்த மாதிரி கெடக்கக் கூடாதாம். உள்ள அந்த ஊதாக் கோடு இருக்கே, அது முடி கனத்துக்கு மேல போயிரக் கூடாதாம். எம் விரலு ஓட்டையாப் போச்சு.”

“எல்லாத்துக்கும் காரணம் அந்தச் சுப்புத்தாயி.”

சுப்புத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஊசி குத்துனா நாங்க ஐயோ அம்மான்னு கத்த மாட்டோம்” என்று பொன்னுமணி பக்கத்திலிருந்தவளுக்குச் சொன்னாள். “நாசமாப் போற சுப்புத்தாயின்னுதான் கத்துவோம். எங்களுக்கு முந்தின செட்டும் அப்படித்தான் கத்துமாம்.”

“எங்க செட்டும்தான்க்கா! யாரு எவருன்னு தெரியாது, ஆனா வையாத நாளு கெடையாது.”

“அந்தச் சுப்புத்தாயி மட்டும் எங்கையில கெடச்சா...”

இவ்வளவு நேரம் பொறுத்ததே பெரிய காரியம்.

“கெடச்சா?” என்றாள் சுப்புத்தாய், கிட்டங்கிக் குரலில். கூடம் கணகணவென்றது. “கெடச்சா என்னடி பண்ணுவ?”

எல்லாரும் திரும்பினார்கள். பொன்னுமணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க யாரும்மா?”

“நாந்தேன்டி சுப்புத்தாயி. இந்தா கெடச்சிட்டேன். என்ன பண்ணுவியோ பண்ணு.”

வாசலில் ஜீப்பு தடதடத்துக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. இதோ இப்போது சிரிக்கப்போகிறார்கள் என்று சுப்புத்தாய் அந்தப் பெஞ்சுப் பிள்ளையாகவே நின்றாள். சிரித்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை ஏறிக்கொள்ள அப்பாவின் மூட்டை ஜீப்பும் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. பொன்னுமணி கிட்டே வந்து அவள் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நெசமாவா? மலைத்தோட்டத்துச் சுப்புத்தாயி நீங்கதானா? மதர் ஒங்களத் தேடுனாகளே, தெரியுமா ஒங்களுக்கு?”

“எந்த மதரு?”

“கொலேத் மதருதான். நீங்க போன அடுத்த வருசம் ஜீப்புல ஏறி மேல தோட்டத்துக்குப் போயிருக்காக. யாருக்கோ உடம்பு சரியில்லன்னு பாக்கப் போனாகளாம். ஏலம் பூத்திருந்த சமயம். வழியில ஒரு செடிக்கிட்ட நின்னு, குனிஞ்சு பாத்திருக்காக. அடியில சரம் தரையில கெடக்கு, வெள்ளப் பூவு, உள்ள ஊதாக் கோடு. பாத்துட்டு அந்தச் சேத்துலயே உக்காந்துட்டாகளாம். ‘அந்தப் பிள்ளை கண்ணால பார்த்துத்தான் தைத்தாள், நான்தான் பார்க்காமல் திட்டினேன்’னு சொன்னாகளாம். எங்களுக்குத் தையல் சொல்லிக்குடுத்த மொத நாளே இந்தத் துணியத்தான் எடுத்துக் காட்டுனாக. ஒவ்வொரு செட்டுக்கும் மாதிரித் துணி இதுதான். இதப் பாத்து அப்படியே தைக்கத் தெரிஞ்சாத்தான் அடுத்த துணியில கை வைக்க விடுவாக. இதுக்குப் பேரு தரைப்பூ.”

“என்னயத் தேடுனாகளா?”

“அன்னைக்கே ஒங்க லயத்துக்குப் போயிருக்காக. நீங்க எல்லாரும் நெடுங்கண்டம் பக்கம் வேற தோட்டத்துக்குப் போயிட்டீகளாம். அங்கயும் ஆளு விட்டுக் கேட்டாகளாம், கெடைக்கல. சாகுற வரைக்கும் அத ஒரு குறையாச் சொல்லிக்கிட்டே இருந்தாக.”

சுப்புத்தாய் சிஸ்டர் அமலி கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்தது. கிட்டங்கியில் யாரும் கண்டிராத அழுகை, மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுகுகிற அழுகை. போன படிப்புக்காக அழுதாளா, சிரித்த பெஞ்சுக்காக அழுதாளா, மதர் சேற்றில் உட்கார்ந்ததற்காக அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாமாகச் சேர்ந்து வந்தது. நிம்மதியும் அதில் இருந்தது, கொஞ்சம் ஆத்திரமும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கன்னையன் வாசலில் தலையை நீட்டினார். “என்னாத்தா, எடுத்தாச்சா? டீசலு தீருது” என்று கேட்டார். பொண்டாட்டி அழுவதையும் சுவரையும் பார்த்தார். பிறகு வெளியே போய் என்ஜினை அணைத்துவிட்டு வந்தார்.

பொன்னுமணி சும்மா இருப்பாளா? “அழுதது போதும்க்கா, எந்திரிங்க. நேர்ல கெடச்சாச்சு, ஆளுக்கு ரெண்டு திட்டு திட்டிக்கிறோம். அத்தன வருசப் பாக்கி” என்றாள். கற்பகம் ஓட்டையாய்ப்போன விரலைக் காட்டினாள். இன்னொருத்தி, தன் முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது என்று புடவையைத் தூக்கப் போனாள். வேன் வந்து கிட்டங்கிப் பெண்கள் இறங்கி உள்ளே வந்தபோது, அவர்களுடைய சுப்புத்தாய் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, முன்பின் தெரியாத பெண்கள் சுற்றி நின்று அவளை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பதிலுக்கு அவள் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர்கள் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி பதுங்கினார்கள்.

திட்டெல்லாம் தீர்ந்த பிறகு சுப்புத்தாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு பொன்னுமணியைப் பக்கத்தில் இழுத்தாள்.

“மதரு எங்க லயத்துக்கா வந்தாக?”

“ஆமாக்கா.”

“என்னயக் கேட்டா வந்தாக?”

“ஒங்களத்தான்.”

“இன்னொரு தடவ சொல்லு” என்றாள் சுப்புத்தாய். பொன்னுமணி, மதர் ஜீப்பில் ஏறின இடத்திலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.